விசாவுக்கு எதற்கு ஊசி?

பாயான் லெப்பாஸில், குயின்ஸ்பே பேரங்காடி பக்கம் கடலோரம் நின்று கிழக்கே பாருங்கள். காடு மூடிய ஒரு தீவு கிட்டத்தில் தெரியும். அதுதான் ஜெரெஜாக் தீவு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே ஒரு தொற்றுத் தடுப்பு நிலையம் அமைந்தது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர், பினாங்கு மண்ணை மிதிக்கும் முன் அந்தத் தீவைத்தான் மிதித்தார்கள். கப்பலில் பெரியம்மையோ காலராவோ இருந்தால் பயணிகள் அங்கே இறக்கப்பட்டு, நோய் இல்லை என்று தெரியும் வரை காத்திருக்க வேண்டும்.

பின்னாளில் தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்தபோது, நாகப்பட்டினம், ஆவடி முகாம்களிலேயே ‘அம்மை குத்தி’த்தான் கப்பலேற்றினார்கள். அந்த ஊசி விட்ட வட்டத் தழும்பு உங்கள் தாத்தா பாட்டி கையில் இருக்கலாம். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980-இல்.

தீவுக்குச் சற்றுத் தெற்கே பினாங்கு அனைத்துலக விமான நிலையம் இருக்கிறது. கப்பல் போய் விமானம் வந்துவிட்டது. ஆனால் பழைய சிக்கல் தீரவில்லை. தொற்றிய கிருமி நோயாக வெளிப்பட நாள் பிடிக்கும். தட்டம்மை தொற்றிய ஒருவருக்குத் தடிப்பு தோன்றச் சுமார் 2 வாரம் ஆகும். அதற்கு 4 நாள் முன்பிருந்தே அவர் மற்றவருக்கு நோயைப் பரப்புவார். பினாங்கிலிருந்து அமெரிக்கா போக ஏறக்குறைய ஒரு நாள் போதும். குடிநுழைவு அதிகாரி முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் காகிதம் கேட்கிறார்கள்.

பினாங்கு இளைஞர் ஒருவர் பிரேசில் நாட்டுப் பெண்ணை மணந்து இங்கே அழைத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெண்ணிடம் மலேசியா கேட்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். அந்நோய் உள்ள நாடுகளிலிருந்து வரும், ஒரு வயதைத் தாண்டிய எல்லாருக்கும் இது பொருந்தும். அந்த நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து விமானம் மாறியவருக்கும்கூட.

மஞ்சள் காய்ச்சல் இருமலால் பரவாது. அதைப் பரப்புவது ஏடிஸ் கொசு. ஆம், நம் வீட்டுப் பூந்தொட்டித் தண்ணீரில் முட்டையிட்டு டிங்கியைப் பரப்பும் அதே கொசுதான். ஆசியாவில் இந்த நோய் இதுவரை வேரூன்றவில்லை. கொசு இங்கே தயாராக இருக்கிறது, கிருமி மட்டும் இல்லை. கிருமியுள்ள ஒருவரைக் கொசு கடித்தால் போதும்.

அந்தச் சான்றிதழில் சுவையான ஒரு விதி உண்டு: ஊசி போட்ட பத்தாவது நாள் முதல்தான் அது செல்லும். உயிருள்ள, ஆனால் வலுவிழக்கச் செய்யப்பட்ட கிருமியை உடலுக்குள் விடுகிறோம். அதை அடையாளம் கண்டு, எதிர்ப்புப் புரதங்களைப் போதுமான அளவு தயாரிக்க உடலுக்கு அவ்வளவு நாள் வேண்டும். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஊசி போட்டுக்கொண்டு பயனில்லை. ஆனால் உடல் ஒருமுறை கற்றுக்கொண்டால் எளிதில் மறக்காது. 2016 ஜூலை முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் செல்லும்.

இப்போது எதிர்த் திசையில், பாயான் லெப்பாஸ் பெண் ஒருவர் திருமணமாகி அமெரிக்காவில் குடியேறப் போகிறார் என்போம். அவர் பாடு கொஞ்சம் கூடுதல். 1996-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, குடியேற வருகிறவர் தடுப்பூசிகள் போட்டதற்குச் சான்று காட்ட வேண்டும். தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி, சின்னம்மை ஊசி, ஈரல் அழற்சி பி ஊசி என்று பட்டியல் நீளும். வயதுக்கேற்ப அது மாறும்.

அந்தப் பட்டியலில் ஒரு நோய் எப்படி இடம் பிடிக்கிறது? அமெரிக்காவில் பொதுமக்களுக்குப் பரிந்துரைக்கப்படும் ஊசியாக இருந்தால் மட்டும் போதாது. அந்த நோய் சட்டென்று பலருக்குப் பரவக்கூடியதாக இருக்க வேண்டும், அல்லது அந்நாட்டில் ஒழிக்கப்பட்டதாகவோ ஒழிக்கப்பட்டு வருவதாகவோ இருக்க வேண்டும். தட்டம்மை இரண்டிலும் தேறும். யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத ஊரில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுப்பார். அவர் அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும்.

நம் மாணவிகள் படிவம் 1-இல் போட்டுக்கொள்ளும் எச்பிவி ஊசியும் ஒருகாலத்தில் அந்தப் பட்டியலில் இருந்தது. 2008-இல் சேர்த்தார்கள், 2009 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் நல்ல ஊசிதான் அது. ஆனால் அக்கிருமி பாலுறவு வழியாகப் பரவுவது. பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஒட்டாது. விசாவை அதற்காக நிறுத்துவானேன்? நீக்கியதே சரி என்பது என் கருத்து.

உங்கள் இடது தோளில் பிசிஜி ஊசித் தழும்பு இருக்கும். அதை அமெரிக்கா பொருட்படுத்துவதில்லை. குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காக்கும் அந்த ஊசி, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை உறுதியாகத் தடுப்பதில்லை. ஆகவே, அந்தப் பெண்ணுக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள்.

ஒழிந்த நோய்க்கு எதற்கு ஊசி என்று கேட்பவர்கள் சபாவை நினைத்துப் பார்க்கலாம். 27 ஆண்டுகளாக மலேசியாவில் இளம்பிள்ளை வாதம் இல்லை. 2019 டிசம்பரில் சபாவில் ஒரு கைக்குழந்தைக்கு அது வந்தது. கிருமியின் மரபணுவைச் சோதித்தபோது, பிலிப்பீன்ஸில் அப்போது பரவிக்கொண்டிருந்த கிருமியுடன் அது தொடர்புடையது என்று தெரிந்தது.

நம் மணப்பெண்ணுக்கு வருவோம். அவர் தேதிகளைக் கணக்குப் போட வேண்டும். தட்டம்மை ஊசியும் சின்னம்மை ஊசியும் உயிருள்ள கிருமியால் ஆனவை. இரண்டையும் ஒரே நாளில் போடலாம். இல்லையேல் இடையில் 28 நாள் விட வேண்டும். கர்ப்பமாக இருந்தால் இவற்றைப் போடவே கூடாது. போட்ட பிறகும் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்கச் சொல்வார்கள். புதிதாக மணமானவருக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனாலும் ருபெல்லா ஊசி தாய்க்குத்தான் மிகவும் வேண்டும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம்.

ஈரல் அழற்சி பி ஊசியை வழக்கமாக 3 முறை, 6 மாதத்தில் போட வேண்டும். அது முடியும் வரை விசா காத்திருக்குமா? வேண்டியதில்லை. உரிய ஊசியைத் தொடங்கிவிட்டு, அடுத்ததற்கு நாள் வரவில்லை என்றால் விலக்கு உண்டு. மிச்சத்தை அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம். மலேசியாவில் 1989 முதல் இது குழந்தைகளுக்கான ஊசித் திட்டத்தில் இருக்கிறது. ஆகவே அவர் சின்ன வயதிலேயே மூன்றையும் போட்டிருக்கக்கூடும். சின்னம்மை போன்ற சிலவற்றுக்கு, எதிர்ப்பாற்றல் இருப்பதை இரத்தப் பரிசோதனை காட்டினாலும் ஏற்பார்கள். மற்றபடி, அரசு கிளினிக்கில் தாதியர் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்த அந்தப் பழைய ஊசிப் புத்தகம் வேண்டும். உங்களுடையது எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றைக்கே அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.