ஒளிச்சரிவைப் பிரித்தறியும் பொறி: கே2 தரவுகளில் கோள்தேடல்

திறவுச்சொற்கள்: புறக்கோள், கடப்பு, ஒளிவரைவு, நரம்பியல் வலைப்பின்னல், கெப்ளர்

தொலைவிலுள்ள விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்களை நேரடியாகக் காண்பது அரிது. கோளொன்று தன் விண்மீனுக்கும் புவிக்கும் இடையே கடந்து செல்லும்போது அவ்விண்மீனின் ஒளி சற்றே சரிகிறது. இச்சரிவு ஒரே கால இடைவெளியில் திரும்பத் திரும்ப நிகழுமாயின் அங்கே ஒரு கோள் இருக்கலாம் எனக் கருத இடமுண்டு. புவியளவான கோள் கதிரவனை ஒத்த விண்மீனைக் கடக்கையில் குறையும் ஒளி, பத்தாயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகும். கருவியின் அதிர்வும் விண்மீனின் இயல்பான ஒளிமாற்றமும் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களும் இதையொத்த சரிவுகளைத் தோற்றுவிக்கும். எனவே சரிவைக் கண்டுபிடிப்பதைவிட அதன் காரணத்தைப் பிரித்தறிவதே கடினமான பணியாகும்.

2009 மார்ச்சில் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட விண்மீன்களை ஒருசேரக் கண்காணித்தது. அதன் தரவுகளில் கோள் எனவும் அன்று எனவும் முன்னரே வகைப்படுத்தப்பட்ட 15,000க்கும் மேற்பட்ட சமிக்ஞைகளைக் கொண்டு, கிறிஸ்டோபர் ஷாலு, ஆண்ட்ரூ வாண்டர்பர்க் ஆகிய இருவரும் ஒரு நரம்பியல் வலைப்பின்னலைப் பயிற்றுவித்தனர். கெப்ளர்-90 விண்மீனின் எட்டாவது கோள் இவ்வாறே 2017இல் அறியப்பட்டது.

அவ்வெற்றியை அப்படியே கே2 தரவுகளுக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை. கெப்ளரின் நான்கு சமநிலைச் சக்கரங்களுள் ஒன்று 2012இலும் மற்றொன்று 2013இலும் செயலிழந்தன. எஞ்சிய இரண்டைக் கொண்டு, கதிரவன் ஒளியின் அழுத்தத்தையே துணையாகக் கொண்டு தொலைநோக்கி மீண்டும் இயக்கப்பட்டது. 2014இல் தொடங்கிய அப்பணியே கே2. தொலைநோக்கி மெல்லச் சுழன்று விலகுவதும், ஏறத்தாழ ஆறு மணிக்கொருமுறை உந்துபொறியால் மீண்டும் நிலைக்குத் திருப்பப்படுவதும் ஒளிவரைவில் பொய்ச் சரிவுகளை உண்டாக்கின. பழைய தரவில் பயின்ற பொறிக்கு இவ்வகை இரைச்சல் அறிமுகமற்றது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் இளநிலை மாணவியாக இருந்த ஆன் டாட்டிலோ, வாண்டர்பர்க் முதலானோருடன் இணைந்து இச்சிக்கலை எடுத்துக்கொண்டார். கே2 சமிக்ஞைகள் மனிதக் கண்களால் பார்க்கப்பட்டு வகைப்படுத்தப்பட்டன; பொறி அவற்றில் புதிதாகப் பயிற்றுவிக்கப்பட்டது. அமைப்பிலும் குறிப்பிடத்தக்க ஒரு மாற்றம் செய்யப்பட்டது. மூலப் பொறிக்கு அளிக்கப்படும் ஒளிவரைவுகள் எல்லாச் சரிவுகளும் ஒரே ஆழமாகத் தோன்றும்படி சீராக்கப்பட்டவை. வடிவத்தை ஒப்பிட இது உதவும். ஆயினும் இரட்டை விண்மீனின் ஆழ்ந்த சரிவும் சிறுகோளின் நுண்ணிய சரிவும் ஒன்றுபோலாகிவிடும். சீராக்கலில் இழந்ததை ஈடுசெய்யக் கோளுக்கும் விண்மீனுக்கும் உள்ள ஆர விகிதம் போன்ற எண்மதிப்புகள் தனியே சேர்க்கப்பட்டன. எளிய திருத்தமே, ஆனால் கருவியை அறிந்தவருக்கன்றித் தோன்றாதது.

இம்முயற்சியில் கே2-293பி, கே2-294பி என்னும் இரு கோள்கள் உறுதிசெய்யப்பட்டு 2019இல் அறிவிக்கப்பட்டன. முன்னது ஏறத்தாழ 13 நாளிலும் பின்னது 26 நாளிலும் தத்தம் விண்மீனைச் சுற்றுகின்றன. இரண்டும் புவியைவிடப் பெரியவை, வெப்பம் மிக்கவை.

இங்கே ‘செயற்கை நுண்ணறிவு கோளைக் கண்டுபிடித்தது’ என்னும் செய்தித்தலைப்பு நடை பொருந்துமா என்பது கேட்கத்தக்கது. பொறி வழங்குவது சுழியத்திற்கும் ஒன்றிற்கும் இடைப்பட்ட ஒரு மதிப்பு மட்டுமே. அம்மதிப்பு உயர்ந்திருப்பினும் அது சான்றாகாது. அடுத்து ஆராயத்தக்கது எது என்பதற்கான பரிந்துரையே ஆகும். அதனாலேயே அரிசோனாவின் விப்பிள் வானாய்வகத்திலும் ஹவாயின் ஜெமினி தொலைநோக்கியிலும் அவ்விண்மீன்கள் மீண்டும் நோக்கப்பட்டன; அருகே வேறொரு விண்மீன் மறைந்திருந்து ஏமாற்றுகிறதா என்பது சோதிக்கப்பட்டது. பயிற்சித் தரவின் வகைப்பாடும் மனிதர் அளித்ததே. ஆகவே வகைப்படுத்தியவரின் சாய்வு பொறிக்குள்ளும் நுழையும்; அவர் தவறாமல் கைவிட்ட ஒருவகைச் சமிக்ஞையைப் பொறியும் கைவிடவே கற்கும்.

எனினும் மனிதரிடம் இல்லாத ஒரு பண்பு பொறிக்குண்டு: சோர்வின்றி எல்லாச் சமிக்ஞைகளையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடுதல். கோள்கள் எவ்வளவு பரவலாக உள்ளன என்று கணக்கிட, எத்தகைய கோள்கள் தேடலில் தவறவிடப்படுகின்றன என்பதையும் அறிய வேண்டும். செயற்கையாகச் சரிவுகளைப் புகுத்திப் பொறியின் தவறவிடும் விகிதத்தை அளக்கலாம். ஆயிரக்கணக்கான வரைவுகளைப் பார்த்துக் களைத்த கண்களை அவ்வாறு அளப்பது கடினம். 2018இல் ஏவப்பட்ட டெஸ் தொலைநோக்கியின் தரவுகளுக்கும் இம்முறை பின்னர்த் தகவமைக்கப்பட்டது. அங்கும் புதிய இரைச்சலுக்கேற்பப் பயிற்சி மீண்டும் தொடங்கவேண்டியிருந்தது.