தொட்டால் உணரும் செயற்கைத் தோல்

பார்வை இழந்தவர் படும் சிரமம் நமக்குத் தெரியும். தொடு உணர்வை இழந்தவர் படும் சிரமம் வெளியே தெரிவதில்லை. நெடுநாள் சர்க்கரை நோயாளிகள் பலருக்குக் கால் மரத்துப் போகிறது. முள் குத்தினாலும் தெரியாது. புண் பெரிதான பிறகே வீட்டார் பார்க்கிறார்கள். புண் முற்றிக் காலையே எடுக்க நேர்ந்தவர்களும் உண்டு. வலி தெரியாமல் இருப்பது சுகமல்ல, ஆபத்து.

நம் ஒரு கையின் உட்புறத்தில் மட்டும் ஏறத்தாழ 17,000 தொடு உணர்வு முனைகள் உள்ளன. மெல்லிய தொடுதல், அழுத்தம், அதிர்வு, தோல் இழுபடுதல் ஆகியவற்றை அறிய அவற்றில் வெவ்வேறு வகைகள் இருக்கின்றன. தோலில் அழுத்தம் பட்டதும் 'பியசோ2' என்ற புரதம் திறந்து, நரம்பில் மின்துடிப்பைத் தொடங்கி வைக்கிறது. இதைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியன் பெய்ரூத்தில் பிறந்தவர். 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை அவர் டேவிட் ஜூலியஸுடன் பகிர்ந்துகொண்டார்.

இந்த வேலையை ஒரு கருவியால் செய்ய முடியுமா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செனான் பாவோ குழுவினர் 2010-இல் வளையும் சென்சார் ஒன்றை உருவாக்கினர். இரண்டு மின்முனைகளுக்கு நடுவே மிக நுண்ணிய பிரமிடு வடிவ ரப்பர் முனைகள் வரிசையாக இருக்கும். மேலே அழுத்தினால் ரப்பர் நசுங்கும், இடைவெளி குறையும், மின்னூட்டம் தேக்கும் திறன் கூடும். அந்த மாற்றத்தை அளந்தால் அழுத்தத்தின் அளவு தெரிந்துவிடும். ஓர் ஈ வந்து அமர்ந்தாலும் அந்தச் சென்சார் உணர்ந்தது.

கருவி உணர்ந்தால் மட்டும் போதாது, செய்தி மூளைக்குச் சேர வேண்டும். 2013-இல் ரோம் நகரில், கையை இழந்த டென்மார்க் நாட்டவர் ஒருவரின் புஜ நரம்புகளில் மின்முனைகள் பொருத்தப்பட்டன. செயற்கைக் கையின் சென்சார்கள் அனுப்பிய சமிக்ஞை அவ்வழியே மூளையை எட்டியது. கண்களைக் கட்டிய நிலையிலும் பொருள் கடினமானதா, மிருதுவானதா என்பதை அவர் சொன்னார். சோதனைக் காலம் முடிந்ததும் மின்முனைகள் அகற்றப்பட்டன.

2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் இன்னொரு படி முன்னேறினர். துணியும் ரப்பரும் கொண்ட அவர்களது செயற்கைத் தோல் வலியையும் உணர்த்தியது. வலி எதற்கு என்று நாம் கேட்கலாம். கூரான பொருள் பட்டதும் கையை விலக்கச் சொல்வதே வலிதான். அந்தச் செயற்கைக் கையும் கூரான பொருளைத் தானாகவே விட்டுவிட்டது.

வியர்வை, தேய்மானம், எண்ணற்ற மின்கம்பிகள், அதிக விலை எனத் தடைகள் இன்னும் உள்ளன. அதுவரை நமக்குக் கைவசம் இருப்பது கவனம் ஒன்றே. சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் உளூவில் கால் கழுவும்போதே உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்து, ஈரம் துடைத்துவிடட்டும். குனிய முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். வெந்நீரின் சூட்டையும் அவர்கள் காலால் சோதிக்க வேண்டாம். உணர்வுள்ள வேறொருவர் கை தொட்டுப் பார்க்கட்டும்.