வேலிக்கும் ஒரு காவல்

வேலியே பயிரை மேயலாகாது என்பர் பெரியோர். அப்படியாயின், வேலியைக் கண்காணிப்பவர் யார்? ஸ்காட்லாந்து நாட்டினர் இதற்கு ஒரு வழி கண்டுள்ளனர்.

அங்கு 2013 ஏப்ரல் 1 அன்று எட்டுக் காவல் படைகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. அதனை மேற்பார்வையிடுவது ஸ்காட்லாந்து காவல் ஆணையம். எவரைக் கைது செய்வது என்று ஆணையம் கட்டளையிடாது. நிர்வாகம் நேர்மையாக நடைபெறுகிறதா என்று பார்க்கும். இதற்கென அதில் ஒரு தணிக்கைக் குழு உண்டு.

அவர்களது நிதியாண்டும் நமதைப் போலவே ஏப்ரல் முதல் மார்ச் வரை. எவற்றைத் தணிக்கை செய்வது என்பதை ஆண்டுத் திட்டமாக முன்பே வகுத்துக்கொள்வர். முன்னர் சுட்டிய குறைகள் திருத்தப்பட்டனவா என்று கூட்டங்களில் கேட்பர். ஆண்டு முடிந்தபின் வரவு செலவுக் கணக்கை ஆராய்வர்.

திட்டம் எதற்கு? அது இல்லாவிடில், அன்றன்றைய பரபரப்பே கூட்டத்தை விழுங்கிவிடும். ஓசையின்றி வளரும் குறைகள் பார்ப்பாரற்றுக் கிடக்கும். முறை வைத்துச் சோதித்தால், "எங்களை மட்டும் ஏன்?" என்று எவரும் முகம் சுளிக்கவும் இடமில்லை.

நாமும் இரவு செபத்தின்போது ஆன்ம சோதனை செய்கிறோம் அல்லவா? தவறிய நாளில் மட்டுமன்று, நாள்தோறும் செய்கிறோம். அதிகாரம் உடையோர்க்கும் அதுவே அழகு.