'லீட் ஓஃப்': பேஸ்போலில் முதலாவதாக ஆடுபவர்

அமெரிக்கச் செய்தி நிறுவனங்களின் பேஸ்போல் செய்திகளில் 'லீட் ஓஃப்' என்ற சொல் அடிக்கடி தென்படும். கிரிக்கெட்டில் ஊறிய நமது வாசகர்கள் அதனை 'ஆரம்பத் துடுப்பாட்ட வீரர்' என்றே பொருள்கொள்வர். அது பெருமளவு பொருந்துமாயினும் முற்றாகப் பொருந்தாது.

கிரிக்கெட்டில் ஆரம்ப வீரர்கள் இருவர் இணையாகக் களமிறங்குவர். பேஸ்போலில் இறங்குபவர் ஒருவரே. எந்த அணி முதலில் ஆடுவது என்பதற்கும் அங்கு நாணயச் சுழற்சி இல்லை. விருந்தினராக வரும் அணியே முதலில் துடுப்பெடுத்தாடும். ஒவ்வோர் அணியும் ஒன்பது பேரைக் கொண்ட வரிசையை முன்கூட்டியே கையளிக்க வேண்டும். அவ்வரிசை ஆட்டம் முடியும்வரை சுழன்றுகொண்டேயிருக்கும். அதன் முதலாமவரே 'லீட் ஓஃப்' வீரர்.

ஆனால் இச்சொல் வினையாக வரும்போது பொருள் விரிகின்றது. ஓர் இன்னிங்ஸ் ஐந்தாமவருடன் முடிவடைந்தால் அடுத்ததை ஆறாமவரே தொடங்குவார். அவரும் அந்த இன்னிங்ஸை 'லீட் ஓஃப்' செய்தார் என்றே எழுதப்படும். வரிசையின் முதலாமவர் இன்னிங்ஸைத் தொடங்குவது நிச்சயமாக ஒரேயொரு தடவைதான். மொழிபெயர்ப்பாளர்கள் இடறும் இடம் இதுவே. போதாக்குறைக்கு, ஓட்டவீரர் தளத்தைவிட்டுச் சில அடிகள் முன்னகர்ந்து நிற்பதையும் 'லீட்' என்றே சொல்வர்.

முதலாமவரின் பணி பந்தை வெகுதூரம் அடிப்பதன்று, எவ்வாறேனும் முதற்தளத்தை அடைவதே என்பது பழைய கோட்பாடு. பந்துவீச்சாளர் எல்லைக்கு வெளியே நான்கு பந்துகளை வீசினால் துடுப்பாட்டக்காரர் நடந்தே முதற்தளம் செல்லலாம். பொறுமையும் அங்கு ஒரு திறமை. முதல் மூவர் தளங்களை நிரப்ப, நான்காமவர் ஓங்கியடித்து அனைவரையும் வீடு சேர்ப்பார். அதனாலேயே அவருக்குக் 'கிளீன் அப்', அதாவது துப்புரவு செய்பவர், என்ற பெயர்.

இப்பணியில் றிக்கி ஹென்டர்சனுக்கு நிகரானவர் எவருமிலர். 1979 முதல் 2003 வரை ஆடிய அவர் 1,406 தளங்களைத் திருடி 2,295 ஓட்டங்களைப் பெற்றார். தமது அணியின் முதல் வீரராக இறங்கியவுடனேயே ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைத் தொடங்கிய சந்தர்ப்பங்கள் மட்டும் 81. பொறுமை, வேகம், பலம் மூன்றும் ஒருவரிடமே அமைந்தது அரிது. அவர் 2024 டிசெம்பரில் காலமானார்.

பழைய கோட்பாட்டைக் கணக்கு மாற்றிவிட்டது. ஒரு பருவத்தில் 162 போட்டிகள். வரிசையில் ஓரிடம் கீழிறங்கினால் பருவத்திற்குச் சுமார் 18 வாய்ப்புகள் குறையும். அவ்வாறெனில் சிறந்த வீரரை ஏன் நான்காமிடம்வரை காக்கவைக்க வேண்டும்? 2024 ஜூனில் மூக்கி பெட்ஸ் காயமடைந்தபோது லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் அணி ஜப்பானியரான ஷோஹெய் ஒஹ்தானியை முதலிடத்துக்கு அனுப்பியது. 54 ஹோம் ரன்களும் 59 திருடிய தளங்களுமாக அப்பருவத்தை அவர் முடித்தார்.

1996 உலகக் கிண்ணத்தின்போது சனத் ஜயசூரியவையும் றொமேஷ் களுவிதாரணவையும் 'பின்ச் ஹிற்றர்' என்று உலகப் பத்திரிகைகள் அழைத்தமை நினைவிருக்கலாம். அதுவும் பேஸ்போலிலிருந்து இரவல் பெற்ற சொல்லே. ஆனால் அங்கு அதற்கு, இடைநடுவில் இன்னொருவருக்குப் பதிலாக அழைக்கப்படும் மாற்று வீரர் என்றே பொருள். நம்மவர் இருவரும் எவருக்கும் பதிலாக வந்தவர்களல்லர்; முதலாவதாக இறங்கியவர்கள். இரவல் வாங்கத்தான் வேண்டுமெனில் வாங்கியிருக்க வேண்டியது 'லீட் ஓஃப்' என்பதையே.