பழி சுமக்கும் கழுதைப்புலி

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது பழமொழி. இது புள்ளிக் கழுதைப்புலிக்கு நன்கு பொருந்தும்.

புள்ளிக் கழுதைப்புலிகள் ஆப்பிரிக்காவில், சகாரா பாலைவனத்திற்குத் தெற்கே உள்ள புல்வெளிகளிலும் அடர்த்தி குறைந்த காடுகளிலும் வாழ்கின்றன. தோற்றத்தில் நாயை ஒத்திருந்தாலும் இவை நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. பூனை, கீரி ஆகிய விலங்குகளுக்கே இவை நெருங்கிய உறவுடையவை.

காலையில் புல்வெளிக்குச் செல்வோர் அடிக்கடி ஒரு காட்சியைக் காண்பர். சிங்கங்கள் இரையைத் தின்றுகொண்டிருக்கும். கழுதைப்புலிகள் சற்றுத் தொலைவில் காத்திருக்கும். இதனால், பிறர் வேட்டையைத் திருடித் தின்னும் விலங்கு என்ற பழி கழுதைப்புலிக்கு ஏற்பட்டது. 1960களில் ஹான்ஸ் குரூக் என்னும் விலங்கியலாளர், தான்சானியாவின் செரங்கெட்டி, கோரோங்கோரோ பகுதிகளில் இரவு நேரங்களில் இவற்றைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அப்போது உண்மை வெளிப்பட்டது. கழுதைப்புலிகள் தாம் உண்ணும் இரையில் பெரும்பகுதியைத் தாமே வேட்டையாடின. கோரோங்கோரோவில், அவற்றின் ஆரவாரத்தைக் கேட்டு வந்த சிங்கங்களே பல வேளைகளில் அந்த இரையைப் பறித்துக்கொண்டன. விடிந்தபின் வந்தவர்கள் நிகழ்வின் முடிவை மட்டுமே கண்டிருந்தனர்.

இவற்றின் ‘சிரிப்பும்’ தவறாகவே புரிந்துகொள்ளப்பட்டது. அது மகிழ்ச்சியின் வெளிப்பாடு அன்று. மற்றொரு கழுதைப்புலி தாக்கும்போதும் இரைக்காகப் போட்டியிடும்போதும் எழும் பதற்றக் குரலே அது. தொலைவில் இருக்கும் கூட்டத்தினரை அழைக்க இவை எழுப்பும் நீண்ட ஊளை, பல கிலோமீட்டர் தூரம் கேட்கும்.

கழுதைப்புலிகள் கூட்டமாக வாழ்பவை. உணவு மிகுந்த இடங்களில் ஒரு கூட்டத்தில் 80க்கும் மேற்பட்டவை இருக்கலாம். கூட்டத்தின் தலைமை பெண்ணிடமே இருக்கும். தாயின் தகுதிக்கு ஏற்பவே குட்டியின் தகுதியும் அமையும். குட்டிகள் மண் வளைகளில் ஒன்றாக வளர்கின்றன. எனினும், தாய் தன் குட்டிக்கு மட்டுமே பாலூட்டும். ஓராண்டு கடந்த பின்னும் இது தொடரும்.

வலிமைமிக்க தாடைகளைக் கொண்ட இவை எலும்பையும் நொறுக்கித் தின்றுவிடும். இறந்த விலங்குகளின் உடல்கள் அழுகிக் கிடக்காமல் இவை புல்வெளியைத் தூய்மையாக்குகின்றன. ஆனால், சில வேளைகளில் கால்நடைகளையும் கொல்வதால், மனிதர்கள் நஞ்சு வைத்தும் கண்ணி வைத்தும் இவற்றை அழிக்கின்றனர். இவற்றின் எண்ணிக்கையும் குறைந்து வருகிறது.

திருடன் என்று பெயர் வாங்கிய விலங்கிற்காகப் பரிந்து பேசுவோர் மிகச் சிலரே. தீர விசாரித்து அறிந்த உண்மையைப் பலருக்கும் எடுத்துச் சொல்வதே அதனைக் காக்கும் முதற்படியாகும்.