டின்னிலிருந்து சுவருக்கு

பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் பிஸ்கட் டின்னில் போட்டு மறந்துவிடும் வீடுகள் சிங்கப்பூரில் ஏராளம். எங்கள் நாலறை வீட்டிலும் தாத்தாவின் சேகரிப்பு அப்படித்தான் கிடந்தது. பல்கலைக்கழக விடுமுறையில் அதை வரவேற்பறைச் சுவருக்குக் கொண்டுவந்தேன்.

முதலில் வரிசை. 1967ல் அறிமுகமான ஆர்க்கிட் மலர் நோட்டுகள், 1976ல் வந்த பறவை நோட்டுகள், 1984ல் வந்த கப்பல் நோட்டுகள் என ஆண்டுவாரியாகக் கண்ணாடிச் சட்டங்களில் அடுக்கினேன்.

அடுத்தது பாதுகாப்பு. வெயில் பட்டால் நோட்டின் நிறம் மங்கும். ஈரப்பதத்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால் வெயில் படாத உட்சுவரே நல்லது. ஒட்டுநாடா வேண்டாம், நோட்டின் முனைகளைச் செருகும் காகித மூலைகள் போதும். பிவிசி உறைகள் நாளடைவில் நாணயங்களைக் கெடுக்கும். நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மதிப்பு குறையும்.

மூன்றாவதுதான் முக்கியம்: குறிப்பு அட்டை. தாத்தாவுக்கு மறதி கூடிவருகிறது. ஒரு பத்து வெள்ளி நோட்டு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதை இணையத்தில் தேடலாம். அது அவருடைய முதல் சம்பளத்தில் செலவழிக்காமல் வைத்தது என்பதை அவர்தான் சொல்ல முடியும். அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் வைத்தேன்.

உங்கள் வீட்டு டின்னையும் திறந்து பாருங்கள். சட்டம் பிறகு வாங்கலாம். கதையை இன்றே கேட்டுவிடுங்கள்.