உஷார்! "நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்று அவர் சொன்னால்…

உங்கள் வீட்டுக்காரர் தினமும் குடிப்பவரா? காலையில் ஒரு வாய் ஊற்றினால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்குப் போய்விட்டாரா? அப்படியானால் இதை முழுசாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத அம்மா வீட்டில் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

அப்படிப்பட்டவர் வைத்தியரைப் பார்க்காமல் ஒரே நாளில் குடியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

ஆமாம், நிறுத்தினால்தான்! குடி ஈரலைத் தின்னும், சம்பளத்தைத் தின்னும் என்று நமக்குத் தெரியும். நிறுத்துகிறபோது ஆள் செத்துப்போகலாம் என்று லயத்தில் யார் சொல்லித் தந்தார்கள்?

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. பெயர் வேண்டாம். கவ்வாத்து வெட்டுகிற மனுஷன், நாற்பது தாண்டியவர். பல வருஷமாகத் தினமும் சாராயம். காசில்லாத நாளில் கசிப்பு. கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டார், அன்றோடு விட்டார். மனைவி பூரித்துப்போனாள். பிள்ளைகளுக்கு அன்று பாயசம் வைத்தாளாம்.

அன்று சாயங்காலமே கை நடுங்கியது. அந்தக் குளிரில், கம்பளிக்குள் வேர்த்துக் கொட்டியது. "விரதம் பழகிடும்" என்றார்கள். மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் வலிப்பு வந்து விழுந்தார். கையில் இரும்பைக் கொடுத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டிய நேரம் அது. மூன்றாம் நாள் ராத்திரி, சுவர் முழுக்க அட்டை ஊருது என்று கத்தினார். கழுத்திலும் காலிலும் இல்லாத அட்டையைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தார். பெற்ற மகளைப் பார்த்து "நீ யாரு?" என்றார்.

முனி அடித்துவிட்டது என்றார்கள். மாலையில் தீட்டுப் பட்டது என்றார்கள். கைகளைக் கட்டி, வேப்பிலையால் அடித்து, விடியும்வரை வைத்திருந்தார்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்த பிறகுதான் கம்பளியில் கிடத்தி ரோட்டுக்குத் தூக்கிவந்தார்கள்.

உயிர் தப்பியது. ஆனால் பழைய ஆள் திரும்பவில்லை. இன்று நடை தள்ளாடுகிறது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில் இல்லை. வீட்டை விட்டு நகராதவர், நேற்றுத் தலவாக்கலைக்குப் போய்வந்ததாகச் சொல்கிறார். பொய் சொல்லவில்லை, பாவம். நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானே எதையோ வைத்து அடைக்கிறது. "நல்லதுதானே செஞ்சோம் அக்கா?" என்று அந்த மனைவி கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அது முனியும் இல்லை, தீட்டும் இல்லை. மூளையில் நடந்த விபத்து.

கினிகத்தேனை வளைவுகளில் இறங்கும் லொறியை நினைத்துக்கொள்ளுங்கள். நம் மூளைக்கு பிரேக்கும் உண்டு, அக்ஸிலேட்டரும் உண்டு. காபா என்ற இரசாயனம் அடக்கும். குளூட்டமேட் என்ற இரசாயனம் முடுக்கும். சாராயம் வருஷக்கணக்காக பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்ட மூளை தன் பிரேக்கைத் தளரவிட்டு, அக்ஸிலேட்டரைக் கூட்டிவைக்கிறது. ஒருநாள் சாராயத்தின் கால் மட்டும் சட்டென்று விலகினால்? லொறி தறிகெட்டு ஓடும். நடுக்கம், வலிப்பு, இல்லாததைக் காண்பது எல்லாம் அந்த ஓட்டம்தான்.

சத்துக் குறைவால்தான் இப்படி ஆகிறது என்று வைத்தியர்களிலேயே பலர் ஒருகாலத்தில் நினைத்தார்கள். 1955இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் பத்துப் பேரை வைத்துச் செய்த ஆய்வுதான் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது. நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்தே குடிக்க வைத்தார்கள். 48 நாளும் அதற்கு மேலும் குடித்து நிறுத்தியவர்களில் சிலருக்கு வலிப்பு வந்தது, சிலர் பிதற்றினார்கள். மனுஷரை வைத்து அப்படி ஒரு ஆய்வை இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் குற்றவாளி யார் என்று அது காட்டிக்கொடுத்தது: திடீரென்று நிறுத்துவது!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் மூடியபோது கேரளத்தில் என்ன ஆனது? குடி கிடைக்காமல் தவித்துத் தற்கொலை செய்துகொண்டவர்கள் செய்தியானார்கள். வைத்தியர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசே உத்தரவு போட்டது. ஏப்ரல் 2இல் உயர்நீதிமன்றம் அதைத் தடுத்தது. தடுத்ததும் சரிதான். இதற்கு மருந்து சாராயம் இல்லை.

இன்னொரு எதிரி நம் அடுப்படியிலேயே இருக்கிறது. மூளைக்கு தயமின் என்ற பி1 வைட்டமின் வேண்டும். குடி அதை உடம்பில் சேரவிடாது. குடிப்பவர் ஒழுங்காகச் சாப்பிடுவதுமில்லை. சாப்பிடுகிற வெள்ளைக் கோதுமை மா ரொட்டியிலும் அந்தச் சத்து சொற்பம். அது வற்றினால் கண் தடுமாறும், நடை தள்ளாடும், நினைவு கலங்கும். 1881இலேயே வெர்னிக்கே என்ற ஜெர்மன் வைத்தியர் எழுதிவைத்த நோய் இது. முதலிலேயே தயமின் ஊசி போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். பிந்தினால் போன நினைவு போனதுதான். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றினால் நோய் முற்றலாம். அதனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வார்த்தையே இதுவாக இருக்கட்டும்: "இவர் தினமும் குடிப்பவர், இத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறார்." வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்!

இவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம்:

நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம், வேர்வை, வாந்தி, தூக்கமின்மை. லேசானது என்று விட்டுவிடாதீர்கள்.

முதல் இரண்டு நாளில் வலிப்பு. ஒரே தடவை வந்தாலும் ஆஸ்பத்திரிதான். வாயில் எதையும் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை, பூச்சி, பாம்பு, ஆள் தெரிகிறது என்பது. இடம், நேரம் குழம்புவது. காய்ச்சல், படபடப்பு. இதுதான் கொல்லும் கட்டம்.

முன்பு ஒருமுறை நிறுத்தி வலிப்பு வந்தவரா? இன்னும் உஷார். அடுத்தமுறை அதைவிட மோசமாக வரலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "சோற்றில் கலந்து கொடு, குடியை மறந்துடுவார்" என்று தூள் விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்காதீர்கள், தங்கச்சி! டைசல்ஃபிராம் என்ற மருந்து உண்மையிலேயே உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, பிரஷர் இறங்கிச் சரிந்துவிடலாம். அவருக்குத் தெரிந்து, வைத்தியர் பார்வையில் மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும். தெரியாமல் கலந்து, அவர் வழக்கம்போல் குடித்துவிட்டு வந்தால் என்ன ஆகும்? பக்கத்து வீட்டுத் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

அதற்காகக் குடிக்கட்டும் என்று விடச் சொல்லவில்லை. நிறுத்த வேண்டும், கட்டாயம் நிறுத்த வேண்டும். மாலை போடுவதற்கு முன்னால், போத்தலைக் கவிழ்ப்பதற்கு முன்னால், வைத்தியரிடம் ஒரு நடை போங்கள். சாராயம் அழுத்திய பிரேக்கை மருந்து சில நாள் அழுத்திப் பிடித்து, மெல்ல மெல்ல விடும். ஒரு வாரம் பத்து நாள் வேலைதான். பிறகு திரும்பவும் குடிக்கத் தூண்டும் ஆசையைக் குறைக்கவும் மருந்து இருக்கிறது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கோ நுவரெலியா ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போங்கள். பேசிக் கேட்க, அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இருக்கிறது.

வலிப்பு வந்தாலோ, இல்லாததைப் பார்த்துக் கத்தினாலோ, பூசாரி வீட்டுக்கு ஓடாதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஒரு சதம் காசு கேட்க மாட்டார்கள். ராத்திரி என்று பார்க்காதீர்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.